கடல்மட்டத்தில் ஒரு கணவாய்

மே மாதத்தில் மூன்று நாள் மழை.
நான்காம் நாள் மலை எழுந்து
ஆற்றைப் பார்க்க நடந்தது.
முப்பத்தெட்டாம் கிலோமீட்டரில் நான் வரைந்திருந்த
ஆரஞ்சு அம்பு
தார்த்துண்டோடு சறுக்கிப் போய்
தண்ணீருக்குள் செங்குத்தாய் நின்றது,
இனி ஓடுகிறவர்கள்
வானத்துக்குத்தான் போயாக வேண்டும் என்பதுபோல.

கமிட்டி கூடியது பள்ளி ஜிம்மில்,
மடக்குக் கட்டில்களுக்கு நடுவே.
யாரோ ஒருவரின் பூனை மேசைக்கடியில்.
ரத்து செய்வோம், கட்டணத்தைத் திருப்புவோம்,
போனவர்களுக்கு அதுதான் மரியாதை என்றார் பொருளாளர்.
எக்ஸ்ரே அறையில் வேலை செய்யும் இரிதே
ரப்பர் பூட்ஸோடு எழுந்தாள்:
"சேறு அள்ளி அள்ளி முதுகு போயிற்று.
கால்தான் மிச்சம்.
அதையாவது எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கள்."
ஆறுக்கு ஐந்து.
ஆறாவது கை என்னுடையது.
தூக்கும்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

கிடைத்தது
கடலோரம் கைவிடப்பட்ட ஒரு விமானத்தளம்.
ஒரு சுற்று நான்கு கிலோமீட்டர்,
நூறுக்கு இருபத்தைந்து சுற்று.
அப்பென்னைன் மலையை ஏறி இறங்கிய பந்தயத்தை
ஒரு தட்டில் ஊற்றினோம்.
மொத்த ஏற்றம் எவ்வளவு என்று
படிவத்தில் ஒரு கட்டம்.
பூஜ்யம் என்று போட்டேன்.
வட்டம் சரியாகக் கூடவில்லை.

செப்டம்பர் சனி, பிற்பகல் மூன்று.
வெளியூர்க்காரர்கள் குஷியாகக் கிளம்பினார்கள்,
தட்டையான தரை, வேகமான நேரம்.
எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து பத்தொன்பது பேர்.
நான் சுற்று எண்ணுகிறவள்:
கிளிப்பலகை, பென்சில், காதில் உப்புக்காற்று.

எட்டாவது சுற்று முடிந்ததும்
லெயார்கோ நடக்கத் தொடங்கினார்.
பள்ளிப் பேருந்து ஓட்டுநர், இப்போது ஓட்ட ரோடு இல்லை.
சுளுக்கோ என்று ஐஸ் பையோடு ஓடினேன்.
கையை முழங்காலில் ஊன்றி
முன்னால் குனிந்து
மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டு போகிறார்.
பின்னால் இரிதே. அவளும் குனிந்து.
பிறகு ஓரியானோ, மருந்துக்கடைத் தம்பதி,
ஒவ்வொருவராகப் பத்தொன்பது பேரும்.
டூரினிலிருந்து வந்த பையன் தாண்டும்போது கேட்டான்,
இவர்களுக்கு என்ன ஆச்சு?

பலகையைப் பார்த்தேன்.
முப்பத்திரண்டு.
கணவாய் ஏற்றம் தொடங்கும் இடம்.

நான்கு சுற்று நடந்தார்கள்,
கடல்மட்டத்தில், வியர்த்து,
இல்லாத வளைவுகளில் உள்பக்கம் ஒதுங்கி.
நாற்பத்தெட்டில், இருட்டில்,
யாரும் சொல்லாமலே
ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டு
இறங்க ஆரம்பித்தார்கள்.
எனக்கும் குளிர்ந்தது.
கடற்காற்றாகத்தான் இருக்கும்.

நள்ளிரவு தாண்டி, பதினேழாம் சுற்று,
ஹேங்கர் கதவருகே
லெயார்கோவின் இடது கை நீண்டது.
எதையும் தொடாமல் திரும்பியது.
அவர் முகத்தைப் பார்க்க
என்னிடம் டார்ச் இருந்தது.
அடிக்கவில்லை.

அறுபத்தைந்தாம் கிலோமீட்டர்.
தேவாலயச் சுவரில் இரும்புக் குழாய்,
அதன் கீழே கல் தொட்டி.
சுவரும் போயிற்று, தொட்டியும் போயிற்று,
வருடம் முழுக்க வழிந்த அந்த ஊற்று
இப்போது எந்த மண்ணுக்கடியில்
வழி கேட்டுக்கொண்டிருக்கிறதோ.

எண்ணுவதை விட்டுவிட்டு
கழுவ வைத்திருந்த நீல வாளியைத் தூக்கினேன்.
பாதி என் செருப்பில் கொட்டியது.
கதவருகே ஒரு டயரின் மேல் ஏற்றி வைத்து
மூச்சு வாங்கும்போது
இரிதே வந்துவிட்டாள்.
பார்க்காமலே கையை விட்டாள்.
கழுத்தில், முகத்தில், கழுத்தில்.

"இவ்வளவு வெதுவெதுப்பா?
எங்கள் ஊர்த் தண்ணீரா இது?" என்று
நிற்காமல் திட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஐந்து நிமிடத்தில் கடந்தவர்கள் கணக்கு
என்னிடம் இல்லை.
டூரின் பையன் புகார் எழுதிக் கொடுத்தான்,
ஒரு சுற்றைத் திருடிவிட்டேனாம்.
அவன் சொல்வது சரி.